பத்து பவுண்டு நூல்

வெள்ளிமலை,
12.8.2025

அன்புள்ள செல்வி,

பையில் ஏழு ஜாக்கெட் இருக்கிறது. பச்சைப் பட்டு டீச்சரம்மாவுடையது. அதை மட்டும் அவர்களையே உன் தூண்டில் கடைக்கு வந்து போட்டுப் பார்த்துவிட்டு எடுத்துப் போகச் சொல். கை கொஞ்சம் பிடிக்குமோ என்று எனக்குச் சந்தேகம். மற்ற ஆறிலும் பேர் எழுதிக் குத்தியிருக்கிறேன். அடியில் துண்டில் சுற்றி வைத்திருப்பது நீ எனக்குக் கொடுத்த தூண்டில் ரீல். கண்டக்டர் பாவாடை அண்ணன் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, ஜாக்கெட்டுல ஈயம் வச்சுத் தெச்சிக்கினியா?" என்று கேட்டார். எந்தப் பை என்ன கனம் என்று அவருக்கு அத்துப்படி.

போன ஞாயிறு எங்கள் தடுப்பணையில் ஒரு விரால் மாட்டியது. என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை இருக்கும். அளக்கிறேன் என்று நினைக்காதே, குமார் பார்த்தார், அவரையே கேள். மூன்று முறை கரைக்கு வந்தது. நான்காவது முறை கோரைக்குள் புகுந்து ஒரே வெட்டு, தூண்டில் நரம்பு போய்விட்டது. அந்த நைலான் ரீலிலேயே கிடந்து சுருள் சுருளாகிவிட்டது. எறிந்தால் பத்தடி தாண்டுவதில்லை. நான் கரையில் உட்கார்ந்து அழுதேன். முப்பத்திரண்டு வயதில் மீனுக்காக அழுகிற பெண்டாட்டியை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று குமார் சொன்னார்.

பிரெய்டு என்று ஒன்று சொன்னாயே, நூலைப் பின்னிச் செய்வது, அதைச் சுற்றி அனுப்பு. எத்தனை பவுண்டு தாங்குகிற நூல் என்பதுதான் குழப்பம். "இருக்கறதுலயே ஸ்ட்ராங்கா ஒண்ணு வாங்கு, மாட்டைக் கட்டுனாக்கூட அறுவக் கூடாது" என்கிறார் குமார். எனக்கு அது சரியாகப் படவில்லை. மெல்லிய துணிக்குத் தடித்த நூல் போட்டுத் தைத்தால் துணிதான் கிழியும். ஆனால் இதில் நீ படித்தவள், நீ சொல்கிறதைச் சுற்று. எனக்கு எத்தனை என்று மட்டும் எழுதிவிடு.

இன்னொன்றும் கேட்க வேண்டும். நாங்கள் சின்ன வயதிலிருந்து ஓடையில் தூண்டில் ராடு இல்லாமல் வெறும் கைநரம்பு போட்டுப் பழகியவர்கள். நரம்பை உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டால்தான் மீன் கொத்துவது எனக்குத் தெரியும். இப்போது ராடு பிடித்தாலும் கை தானாக நூலைச் சுற்றப் போகிறது. பிரெய்டுக்கு அது ஆகுமா?

போனில் கேட்டிருப்பேன். சிக்னலுக்காகத் தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறி நின்று கத்துவதற்குள் தையல் ஒன்று முடிந்துவிடும். ஜாக்கெட் பையோடு கடிதமும் போய் வருவதுதான் நமக்குச் சரி.

சந்திரா

---

கள்ளக்குறிச்சி,
16.8.2025

அடி சந்திரா,

ரீலைப் பிரித்தேன். உள்ளே மணல், கோரைப்பூ, ஒரு செத்த எறும்பு. ரீலை நான் உனக்கு மீன் பிடிக்கக் கொடுத்தேனா, குப்பை அள்ளக் கொடுத்தேனா? துடைத்து எண்ணெய் போட்டிருக்கிறேன். டீச்சரம்மாவுக்குக் கை பிடிக்கவில்லை, கச்சிதம் என்றார்கள்.

இப்போது பவுண்டுக்கு வருவோம். குமார் அண்ணன் சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்புதான் வந்தது. கடைக்கு வருகிற ஆம்பளைகளில் பத்துக்கு ஒன்பது பேர் அதைத்தான் சொல்கிறார்கள். இருக்கிறதிலேயே பெரிசு. உன் ரீல் ஆயிரம் நம்பர், உள்ளங்கையில் அடங்குகிற சைஸ். அதில் ஒரு திருகு இருக்கிறது, டிராக் என்போம், மீன் வெறிகொண்டு இழுத்தால் நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுப்பது அதுதான். அதை முழுசாக முறுக்கினாலும் மூன்று கிலோவுக்கு மேல் தாங்காது. நாற்பது பவுண்டு நூல் என்றால் பதினெட்டு கிலோ தாங்கும். மூன்று கிலோ ரீலுக்குப் பதினெட்டு கிலோ நூல் எதற்கு? நூல் அறுவதற்கு முன்னால் ராடு ஒடியும், ரீலின் பல் தேயும். தடிமன் ஜாஸ்தி, நூல் சுற்றுகிற ஸ்பூலில் பாதி நீளம்கூடக் கொள்ளாது, எறிந்தால் தூரமும் போகாது.

எட்டு போடலாம், பத்து போடலாம், மிஞ்சிப்போனால் பதினைந்து. உனக்குப் பத்து. நாலரை கிலோ தாங்கும். உன் முழங்கை விராலே இரண்டு கிலோதான் இருந்திருக்கும். டிராக்கை ஒழுங்காக வைத்திருந்தால் பத்திலேயே வரும்.

பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. தடுப்பணையில் கல்லிடுக்கு, வேர், முள் எல்லாம் இருக்கும். தூண்டில் மாட்டாத நாள் கிடையாது. மாட்டினால் நூல் அறுந்து உன்னை விட வேண்டும். அறுவதும் அதன் வேலைதான்.

கையில் சுற்றுகிற பழக்கத்தை விட்டுவிடு. நைலான் இழுத்தால் கொஞ்சம் நீளும், பிரெய்டு நீளவே நீளாது, மெல்லிசு வேறு. மாட்டினால் ஒரு குச்சியில் நாலு சுற்றுச் சுற்றி நேராகப் பின்னால் நட, பட்டென்று போய்விடும். நீ எங்கே குச்சி தேடப் போகிறாய்! மறந்து கையில் சுற்றினால் சேலைத் தலைப்பையாவது நடுவில் வை. பத்துதானே, தோல் சிவக்கும், அதற்குள் அறுந்துவிடும்.

பச்சை நிறம் சுற்றியிருக்கிறேன். ஸ்பூல் ஓரத்தில் 10 என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். மீன் பிடித்தால் தலை எனக்கு.

பாவாடை அண்ணன் விசில் அடிக்கிறார்.

செல்வி

---

வெள்ளிமலை,
5.9.2025

செல்வி,

எழுத்து இப்படிக் கோணலாக இருக்கிறதே என்று பார்க்காதே. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பேனாவைச் செருகிக்கொண்டு எழுதுகிறேன். பையில் ஜாக்கெட் இல்லை, துணிகள்தான். வெட்டாதவை. எல்லோரிடமும் திருப்பிக் கொடுத்துவிடு. கேட்டால் காய்ச்சல் என்று சொல்.

போன ஞாயிறு தடுப்பணையில் தூண்டில் முள் கல்லிடுக்கில் மாட்டியது. நீ குச்சி என்று சொல்லியிருந்தாய். பக்கத்தில் குச்சியும் கிடந்தது செல்வி, நான்கு அடி தள்ளி. எனக்கு எழுந்து போகச் சோம்பல். தலைப்பை உள்ளங்கையில் வைத்து நூலை மூன்று சுற்றுச் சுற்றி, பத்துதானே என்று ஒரே வீச்சில் பின்னால் சாய்ந்தேன். ஈரப் பாறை. கால் வழுக்கிவிட்டது. சாய்ந்த கனம் நூலில் விழுந்துவிட்டது. நூல் தலைப்பை வெட்டிக்கொண்டு விரலுக்குள் இறங்கியது. நடு விரல், மோதிர விரல். வலது கை. குமார் வந்து கத்தியால் நூலை அறுத்துத்தான் என்னை எடுத்தார்.

இங்கே உள்ள ஆஸ்பத்திரியில் ஒன்பது தையல் போட்டார்கள். நர்ஸ் போட்ட தையலை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், இடைவெளி சமமாகத்தான் போட்டாள். காயம் ஆறிக்கொண்டு வருகிறது. இரண்டு விரலும் மடங்க மாட்டேன் என்கின்றன. மடக்கு என்று மனசு சொல்கிறது, அவை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. கத்தரி பிடிக்க முடியவில்லை. வீக்கம் வடிந்தால் சரியாகிவிடும் என்று குமார் சொல்கிறார்.

நீ வருத்தப்படாதே. நீ தெளிவாக எழுதியிருந்தாய். உன் பேச்சைக் கேட்காத எனக்கு இது வேண்டியதுதான். நூலும் நான் நினைத்த தூரத்துக்குப் போகவில்லை. என் கைதான் பழகவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் கையே போய்விட்டது.

சந்திரா

---

கள்ளக்குறிச்சி,
8.9.2025

சந்திரா,

உன் கடிதத்தைக் கடையில் நின்றே படித்தேன். அப்புறம் உட்கார்ந்து படித்தேன்.

முதலில் ஆஸ்பத்திரி. விரல் மடங்கவில்லை என்றால் அது வீக்கம் இல்லை. விரலை இழுக்கிற நாண் உள்ளே அறுந்திருக்கும். மேல் தையல் அதைச் சேர்க்காது. எனக்குத் தெரிந்த ஒருவருக்குக் கதிர் அரிவாள் பட்டு இப்படி ஆனது. நாண் அறுந்தால் சீக்கிரமாக ஆபரேஷன் செய்துவிட வேண்டும், நாள் போனால் அது உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடும், பிடித்து இழுத்து முடிச்சுப் போட முடியாது. நாளைக்கே கீழே இறங்கி வா. பெரிய ஆஸ்பத்திரியில் கைக்கென்று டாக்டர் இருக்கிறார், விசாரித்துவிட்டேன். சாப்பாடு, சீட்டு, வரிசையில் நிற்பது எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். நீ கையை மட்டும் கொண்டு வந்தால் போதும்.

துணிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். டீச்சரம்மா, "காய்ச்சல்னா நான் காத்துக்கறேன், சந்திரலேகா கை படாத ஜாக்கெட் எனக்கு வாணாம்" என்று சொல்லிவிட்டார்கள். பையில் சாத்துக்குடி, ஹார்லிக்ஸ், கைக்குக் கீழே வைக்க ஒரு சின்னத் தலையணை.

ரீலை இந்தப் பையிலேயே போட்டு அனுப்பிவிடு. தண்ணீரில் விழுந்திருக்கும், பேரிங்கில் துரு ஏறிவிடும். எண்ணெய் போட்டு, நூலையும் எடுத்துவிட்டு வேறு சுற்றித் தருகிறேன். அதை வீட்டில் வைத்திருக்க வேண்டாம். பார்க்கப் பார்க்க உனக்குத்தான் சங்கடம். ராடு வேண்டாம், ரீல் மட்டும் போதும். மறக்காமல் அனுப்பு.

உன் மேல் தப்பே இல்லை. அதை மட்டும் நீ திரும்ப எழுதாதே, என்னால் படிக்க முடியவில்லை.

செல்வி

---

வெள்ளிமலை,
13.9.2025

செல்வி,

சாத்துக்குடிக்கு நன்றி. தலையணை நல்ல உயரம்.

ஆஸ்பத்திரிக்கு இப்போது வரவில்லை. கிழங்கு பிடுங்குகிற நேரம், குமாரை விட்டு வர முடியாது. நானே செய்துகொண்ட காரியத்துக்கு ஊரையெல்லாம் அலைக்கழிப்பானேன்? இரண்டு விரல் இல்லாமல் தைக்கிறவர்கள் எங்கேயாவது இருப்பார்கள்.

ரீலை அனுப்ப முடியாது, மலர்விழி கையில் இருக்கிறது. குமாரின் தங்கை மலர்விழி தெரியுமல்லவா, மாமியார் வீட்டிலிருந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறாள். நான் சும்மா கிடப்பதைப் பார்த்து ராடை எடுத்துக்கொண்டு போனவள், முதல் நாளே இரண்டு கெண்டையோடு வந்தாள். இப்போது அவளுக்கு அதே பைத்தியம். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பாறைப் பக்கம் போகிறாளாம். என் கையைப் பார்த்துக் கொஞ்சம் பயந்தாள். நான்தான், "பயப்படாதடி, பத்து பவுண்டுதான், என் செல்வி பார்த்துச் சுத்துனது. மாட்டுனா கைல சுத்தி இழு, அறுந்துபூடும். எனக்குக் கால் வழுக்குனதால ஆச்சு" என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

ஸ்பூலில் நீ ஒட்டிய சீட்டையும் காட்டினேன். தைரியமாகிவிட்டாள்.

சந்திரா

---

கள்ளக்குறிச்சி,
14.9.2025, காலை ஆறு மணி

சந்திரா,

மலர்விழியைப் போகவிடாதே. இந்தக் கடிதத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் பரவாயில்லை. ரீலை அவள் கையிலிருந்து பிடுங்கு. நூலைக் கத்தரித்து அடுப்பில் போடு. நேற்று சாயங்காலத்திலிருந்து உனக்கும் குமார் அண்ணனுக்கும் எத்தனை முறை போன் அடித்தேன் என்று எனக்கே தெரியாது. தொடர்பு எல்லைக்கு வெளியே, தொடர்பு எல்லைக்கு வெளியே. ஏழு மணி வண்டியில் பாவாடை அண்ணனிடம் இதைக் கொடுக்கிறேன். ஸ்டாப்பில் போட்டுவிட்டுப் போகாமல் உன் கையில் கொடுத்துவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும் என்று காலில் விழாத குறையாகச் சொல்லப் போகிறேன்.

அது பத்து இல்லை. நாற்பது.

பதினெட்டு கிலோ. நீ வழுக்கி விழாமல் இருந்திருந்தாலும் அது அறுந்திருக்காது. உன் கால் மேல் தப்பில்லை, குச்சியை எடுக்காதது மேலும் தப்பில்லை. பத்து என்று நான் ஒட்டிய சீட்டை நம்பி நீ இழுத்தாய்.

அன்றைக்கு நடந்தது இது. உனக்குக் கடிதம் முழுசும் எழுதி முடித்துவிட்டுத்தான் ரீலைச் சுற்ற எடுத்தேன். பத்து பவுண்டு பெரிய உருளையைப் பார்த்தால் தீர்ந்திருந்தது. வண்டி கிளம்பப் பத்து நிமிஷம். நாற்பதும் அதே பச்சை. ஸ்ட்ராங்காகத்தானே இருக்கப் போகிறது, ஜாஸ்தி கொடுத்தால் யாருக்கு நஷ்டம் என்று அதைச் சுற்றினேன். நூறு மீட்டர் பிடிக்க வேண்டிய ஸ்பூல் நாற்பத்தைந்திலேயே நிறைந்துவிட்டது. அதைப் பார்த்தும் நிறுத்தவில்லை. எழுதிய கடிதத்தைக் கிழிக்க மனசில்லாமல், கடிதத்துக்குத் தகுந்தபடி சீட்டை ஒட்டினேன்.

கடையைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் இந்தப் பத்தியையே பார்த்துக்கொண்டிருந்தேன். தீர்ந்திருந்தது என்று எழுதியிருக்கிறேன். அதுவும் பொய். உருளையில் நூற்றைம்பது மீட்டருக்குக் குறையாமல் இருந்தது. உளுந்தூர்பேட்டை தமிழரசன் சார், லாரி ஆபீஸ் வைத்திருப்பவர், மறுநாள் ரீல் கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருந்தார். அவர் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலும் அளவுகோலை எடுத்து வைத்துக் கேட்கிற ஆள். புதுச் சரக்கு வர ஒரு வாரம் ஆகும். அவரிடம் இல்லை என்று சொல்ல எனக்குப் பயம். உன்னிடம் எனக்கு எந்தப் பயமும் இல்லை. அதனால் அவருக்குப் பத்தை எடுத்து வைத்துவிட்டு உனக்கு நாற்பதைச் சுற்றினேன். வேறு யாருக்கும் நான் இப்படிச் செய்ததில்லை. உனக்கு மட்டும்தான்.

நீ எழுதிய கடிதத்தில், எனக்கு இது வேண்டியதுதான் என்று இருந்தது. அதைப் படித்தபோதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் ரீலைத் திருப்பிக் கேட்டேன். எண்ணெய் போடக் கேட்கவில்லை. நூலை மாற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது என்றுதான் கேட்டேன். அப்போது போனில் பேசாததும் அதனால்தான், குரல் காட்டிக்கொடுத்துவிடும். உன் விரலுக்கு ஆஸ்பத்திரி தேடிய அதே மூளைதான் இதையும் யோசித்தது. என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

திட்டு. குமார் அண்ணனை அனுப்பிக் கடை முன்னால் நிற்கவைத்துத் திட்டச் சொல். ஆனால் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடு சந்திரா. பதினான்கு நாள் ஆகிவிட்டது.

செல்வி

---

வெள்ளிமலை,
19.9.2025

செல்வி,

இதை மூன்று நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். கை கடுக்கிறது, வைத்துவிட்டு மறுபடி எடுக்கிறேன்.

மலர்விழி மாமியார் வீட்டில்தான் இருக்கிறாள். இங்கே வரவே இல்லை. மீன் வாடை பட்டாலே வாந்தி எடுக்கிறவள் அவள். நான் எழுதியது பொய்.

நீ ரீலைக் கேட்டு எழுதினாய் அல்லவா, அந்தக் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன். என்னவோ இடித்தது. அப்புறம் புரிந்தது, நீ திட்டவில்லை. குச்சியில் சுற்று என்று சொன்னேனே, உனக்கு அறிவில்லையா, கண்ணில்லையா என்று நீ நாலு பக்கம் திட்டியிருக்க வேண்டும். ரீலில் மணல் இருந்ததற்கே அத்தனை பேச்சுப் பேசியவள். கையைக் கிழித்துக்கொண்டவளுக்கு ஹார்லிக்ஸ் அனுப்புகிறாய், ரீலை மறக்காமல் அனுப்பு என்கிறாய்.

குமாரிடம் சொல்லி ரீலிலிருந்து ஒரு முழம் நூல் வெட்டி, கிழங்கு நிறுக்கிற தராசில் கட்டினோம். கீழே கோணிப்பை. அதில் கிழங்கைப் போட்டுக்கொண்டே வந்தார். ஐந்து கிலோ. எட்டு. பன்னிரண்டு. பதினாறு. நூல் அப்படியே நிற்கிறது. குமார் என்னைப் பார்த்தார். "இன்னா லேகா, அறுந்துபோற நூலுன்னு சொல்லிக்கினு இருந்த, இதுல ஆளே தொங்கலாம் போலக் கீதே" என்றார். அன்றைக்கே கீழே வந்து உன் கடை முன்னால் நின்று கேட்கிறேன் என்று சட்டையை மாட்டிவிட்டார். நான்தான் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். "அவளே எழுதுவா" என்றேன். "எழுதலைன்னா?" என்றார்.

நீயாக எழுத வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. எழுதினால் ஆஸ்பத்திரிக்குப் போவது, இல்லாவிட்டால் இந்த விரல்கள் இப்படியே நீட்டிக்கொண்டு நிற்கட்டும், ஒவ்வொரு தடவை உன்னைப் பார்க்கும்போதும் முன்னால் நீட்டுவேன் என்று. நான்கு நாள் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் பொறுக்க முடியாமல் மலர்விழியைத் தூண்டிலில் மாட்டி உன் பக்கம் எறிந்தேன். அடுத்தவள் கை என்றதும் ஒரே நாளில் கடிதம் வந்துவிட்டது. என் கைக்கு வரவில்லையே என்று அன்றைக்கு முழுக்க அழுதேன்.

புதன்கிழமை கீழே வந்து கை டாக்டரைப் பார்த்தோம். கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஒரு வாரம் முன்னாடி வந்திருந்தா ரெண்டையும் சேர்த்திருக்கலாமேம்மா, ஏன் லேட்டு?" என்று கேட்டார். நடு விரலைச் சேர்த்துவிடலாமாம். மோதிர விரலின் நாண் உள்ளங்கைக்குள் போய்ச் சுருண்டுவிட்டது, திறந்து பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார். அந்த ஒரு வாரம் நீ செய்ததில்லை செல்வி. போ போ என்று நீ எழுதினாய். நான்தான் உன்னைத் தண்டிக்கிறேன் என்று என் விரலைத் தண்டித்தேன். இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. குமாரிடமும் சொல்லவில்லை.

திரும்பும்போது வண்டி உன் கடைக்கு எதிரே நெரிசலில் நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். யாருக்கோ ரீல் சுற்றிக்கொண்டிருந்தாய். சுற்றி முடித்து, நூலை இழுத்துப் பார்த்து, உருளையில் இருக்கிற எண்ணைப் படித்து, மறுபடி ஒருமுறை படித்து, அப்புறம்தான் சீட்டு ஒட்டினாய். இளைத்திருக்கிறாய். இறங்கி உன்னிடம் வர வேண்டும் என்றும் இருந்தது, கன்னத்தில் ஒன்று கொடுக்க வேண்டும் என்றும் இருந்தது. வண்டி கிளம்பிவிட்டது.

எனக்குக் கோபம் எங்கே என்று சொல்கிறேன். நாற்பதைச் சுற்றியதில்கூட இல்லை. உனக்கு மட்டும்தான் இப்படிச் செய்தேன் என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியில். முகம் தெரியாத லாரிக்காரருக்குச் சரியான நூல், பள்ளிக்கூடத்தில் ஒரே டப்பாவில் சாப்பிட்டவளுக்கு மிச்சம். அவர் கேட்பார், நான் கேட்க மாட்டேன். அந்த இடத்தை நாலு நாள் மென்றுகொண்டே இருந்தேன்.

மென்றதில் ஒன்று அகப்பட்டது, அதையும் எழுதிவிடுகிறேன். போன தீபாவளிக்கு நீ தைக்கக் கொடுத்த மஞ்சள் ஜாக்கெட் இரண்டாவது துவையலில் அக்குளில் பிரிந்துவிட்டது என்று சொன்னாய் அல்லவா? துணி மட்டம் என்று சொன்னேன். துணி நல்ல துணிதான். வேலை நெருக்கடி, எல்லோருடையதையும் இரட்டைத் தையல் போட்டு முடித்துவிட்டு, உன்னுடையதற்கு ஒற்றைத் தையல் போட்டு அனுப்பினேன். செல்விதானே, என்ன சொல்லிவிடப் போகிறாள் என்று. ஜாக்கெட் பிரிந்தால் மறுபடி தைத்துக்கொள்ளலாம், அதனால் நான் செய்தது சின்னதாகத் தெரியும். மற்றபடி இரண்டு பேரும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறோம்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதுவேன் என எதிர்பார்க்காதே. மோதிர விரல் மடங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எனக்கே தெரியும். மடங்காவிட்டாலும் மன்னிப்பேனோ, மடங்கினாலும் மாட்டேனோ, அதுவும் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு ஆபரேஷன். ஐந்து நாள் படுக்கை. பெண்கள் வார்டில் ராத்திரி ஆம்பளைகள் இருக்கக் கூடாதாம், கூட யார் இருக்கப் போகிறீர்கள் என்று பேர் கேட்டு எழுதிக்கொண்டார்கள். உன் முழுப் பேரை, செந்தமிழ்ச்செல்வி என்று சொன்னேன். உறவுமுறை என்ன என்று அந்தப் பெண் கேட்டாள். அப்புறம் சொல்கிறேன் என்றேன். காலியாக விட்டு வைத்திருக்கிறார்கள்.

கடையைப் பூட்டிவிட்டு ஏழரைக்கெல்லாம் வந்துவிடு. சாத்துக்குடி வேண்டாம், அழவும் வேண்டாம். உளுந்தூர்பேட்டைக்காரர் வந்து நின்றால் எப்படிப் பயந்து பயந்து பார்த்துச் செய்வாயோ, அந்த ஐந்து நாளும் என்னை அப்படிப் பார்த்துக்கொள். சிநேகிதி என்று என்னை இப்போதைக்கு நினைக்காதே.

சந்திரலேகா